நீங்கள் ஊற்றிய தண்ணீர்

அப்பா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் அம்மாவுடைய அப்பாவும் இருப்பார். அவர் கண்ணில் படவே வேண்டாம். நல்ல மனுஷர்தான், ஆனால் சபை விஷயத்தில் ஒரு தப்பு நடந்தால் மூடிவைக்கத் தெரியாதவர் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். நான் இப்போது செய்வது தப்பு. இறந்தவர்களோடு பேசக்கூடாது என்று அம்மாவின் ஜெபவீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பேசலாம், அவர்கள் நமக்காக வேண்டிக்கொள்வார்கள் என்று உங்கள் கோயிலில் சொன்னார்கள். எது சரி என்று முடிவு செய்துவிட்டு எழுதலாம் என்றால் அதற்கு நேரம் இல்லை. விடிந்தால் எனக்கு ஞானஸ்நானம்.

அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். கேட்டால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்ல அறிவியல் புத்தகம் திறந்தே இருக்கிறது. எதிரே ஆணியில் வெள்ளைக் கவுன் தொங்குகிறது. புதுத் துணி வாசனை வர வேண்டும். வருவது உங்கள் மீன்பிடிப் பையின் வாசனை. தண்ணீருக்குள் இறங்கும்போது கவுன் குடை மாதிரி மேலே எழும்பாமல் இருக்கக் கீழ் மடிப்புக்குள் ஏதாவது கனம் வைத்துத் தைப்பார்கள். மற்ற பிள்ளைகளின் வீட்டில் கூழாங்கல் வைத்திருக்கிறார்கள். அம்மா பரண்மேல் கிடந்த உங்கள் பையை இறக்கி, தூண்டிலில் கட்டுகிற ஈயக்குண்டுகளை எடுத்து வைத்துத் தைத்துவிட்டாள். ஈயமும் பழைய தூண்டில் நரம்பும் காய்ந்த செதிலும் கலந்த அந்த வாசனை சாயங்காலத்திலிருந்து வீடு முழுக்க இருக்கிறது. நீங்கள் ரயில்வே டீசல் ஷெட்டில் டியூட்டி முடிந்து வந்து, குளித்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாறியா பிள்ள?" என்று கேட்டது போலவே இருக்கிறது.

எங்கே இறக்கப்போகிறார்கள் தெரியுமா? கடக்வாஸ்லா அணையில்தான். நீங்கள் தூண்டில் போடுகிற அதே கரை.

அங்கே வைத்துத்தான் நான் முதன்முதலில் முழுக்கு ஞானஸ்நானம் பார்த்தேன். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி அம்மாவின் ஜெபவீட்டார் டெம்போவில் வந்து இறங்கி, பாட்டுப் பாடிக்கொண்டே இடுப்பளவு தண்ணீருக்குள் போனார்கள். பாஸ்டர் ஒவ்வொருவராக மல்லாத்தி முக்கி எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"நல்லா சத்தம் போடுங்க. அணைக்கட்டு மீன் பூரா அந்தாக்கில ஓடட்டும்" என்றீர்கள்.

கூட வந்திருந்த அம்மா, கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே, "உங்களையும் ஒரு நாளைக்குப் பிடிச்சு முக்கத்தான் போறாவ" என்றாள்.

"என்னைய முக்க இந்தக் குளம் பத்தாது. கடல் வேணும்."

"உங்க கொழுப்புக்கு அதுவும் பத்தாது."

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு சண்டையாகவே தோன்றவில்லை. வீட்டில் நீங்கள் உப்புக் கூட்டிப் போடுவதும் அம்மா குறைத்துப் போடுவதும் மாதிரி ஒன்று என்றுதான் நினைத்தேன்.

நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன! ஒரு வாரம் உங்களோடு கேம்ப் ஏரியாக் கோயிலில் தமிழ்ப் பூசை, அடுத்த வாரம் அம்மாவோடு கோர்படியில் ஜெபவீடு. எனக்கு இரண்டும் பிடிக்கும். உங்கள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றலாம், அம்மாவின் ஜெபவீட்டில் கஞ்சிரா தட்டலாம். உங்கள் கோயிலில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், ஜெபவீட்டில் பேசி முடிக்கவேமாட்டார்கள். இந்த எழுத்துகூட ஜெபவீட்டின் ஞாயிறு வகுப்பில் கற்றதுதான், அப்பா. பள்ளியில் இந்தியும் மராத்தியும் இங்கிலீஷும்தானே. அங்கே தமிழ் கற்றுத்தராமல் இருந்திருந்தால் உங்களுக்கு இப்படி ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது.

ராத்திரி ஜெபத்தில் கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை மூன்று பேரும் சேர்ந்து சொல்வோம். நீங்கள் உங்கள் தமிழில், அம்மா அவள் தமிழில். நான் நடுவில் உட்கார்ந்து, நீங்கள் இருக்கும் பக்கம் சாய்ந்தால் உங்களுடையதும், அம்மா பக்கம் சாய்ந்தால் அம்மாவுடையதும் வாயில் வரும். உங்களுடையது முதலில் முடிந்துவிடும். அம்மாவுடையதில் கடைசியாக மகிமை சொல்லும் ஒரு வரி கூடுதலாக உண்டு. அவள் அதைச் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் கண்ணை மூடி வாயை மூடிக் காத்திருப்பீர்கள். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக ஆமென் சொல்வீர்கள். ஒருநாள்கூட நீங்கள் முந்திக்கொண்டதில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் கேம்ப் கோயிலில் மானம் போனது. கோயில் முழுக்க ஒரே குரலில் ஜெபத்தைச் சொல்லி அவர்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்த, நான் மட்டும் நிறுத்தாமல் அம்மாவின் கடைசி வரியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அமைதியான கோயிலில் என் ஒற்றைக் குரல். முன் பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதர்கூட சிரிப்பை அடக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்ததும் நீங்கள் திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டே, "உங்கம்மாவே உள்ள வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு பிள்ள" என்றீர்கள். உங்கள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் போன அன்றைக்குத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது. ஷெட்டிலிருந்து நெஞ்சுவலி என்று எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரும்போது உயிரில்லாமல் வந்தீர்கள். கூடத்தில் உங்களைச் சுற்றி உங்கள் கோயில்காரர்கள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். வாசலில் ஜெபவீட்டார் பாட ஆரம்பித்தார்கள். இரண்டு சத்தமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. பக்கத்து குவார்ட்டர்ஸ் மராத்திக்கார அத்தை, நான் காக்கூ என்று கூப்பிடுபவள், என் தலையைத் தடவிக்கொண்டே மராத்தியில் மெதுவாகக் கேட்டாள், "நீங்க எல்லாரும் ஒரே சாமியத்தானே கும்பிடறீங்க, அப்புறம் ஏன் ரெண்டு கூட்டம்?" எனக்கு மராத்தியிலும் பதில் தெரியவில்லை, தமிழிலும் தெரியவில்லை.

ஜெபவீட்டு அக்கா ஒருத்தி அம்மாவிடம் வந்து குனிந்து, "செத்தவங்களுக்காக ஜெபம் பண்றதுல நாம கலந்துக்கக் கூடாதும்மா. நீ உள்ள வந்துரு" என்றாள். அம்மா உங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவும் இல்லை, ஜெபமாலை சொல்லவும் இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அவர்கள் கடைசி மணியைச் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். உங்களைப் போலவே காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் எனக்கு ஒரே வழிதான். கேம்ப்புக்கு யார் கூட்டிப்போவது? அம்மாவுக்கு உங்கள் ஷெட் ஆபீசிலேயே வேலை கொடுத்தார்கள். நமக்கு எல்லாமாக இருந்தது ஜெபவீட்டார்தான். அம்மா டைபாய்டில் கிடந்தபோது முறைபோட்டு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும். இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள். எனக்கு இயேசுவையும் பிடிக்கும். யாரும் சொல்லி அல்ல. தனியாக இருக்கும்போது அவர் கூட இருப்பது மாதிரி எனக்குத் தெரிகிறது. அதை எல்லார் முன்னாலும் சொல்லித் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது. அம்மாவிடம் பெயர் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

பயம் வகுப்பில் வந்தது. ஞானஸ்நானம் எடுப்பவர்களுக்குச் சனிக்கிழமைகளில் பாஸ்டர் வகுப்பு நடத்தினார். பழைய ராணுவக்காரர், மீசை பெரிதாக இருந்தாலும் மனசு இளகியவர். "நம்பணும், வாயால சொல்லணும், பிறகுதான் முழுகணும். கைக்குழந்தை எப்படி நம்பும்? அதுக்குத் தெரியாமலே தலையில தண்ணி விட்டா அது ஞானஸ்நானம் ஆகாது, குளிப்பாட்டினது மாதிரிதான்" என்றார். கேட்க எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒரே நொடியில் தப்பாகவும் இருந்தது.

ஏனென்றால் எனக்குத் தண்ணீர் விட்டது நீங்கள்.

என் பிறந்தநாள் தோறும் நீங்கள் சொன்ன கதை. குறைமாதத்தில் பிறந்த எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. கேரளத்து நர்ஸ், "யாரையாவது கூப்பிடணும்னா கூப்பிட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். வெளியே ஒரே மழை, ஃபாதர் வந்து சேர நேரமாகும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் பூசைக்கு உதவும்போது கற்றிருந்தீர்கள். குழாய்த் தண்ணீரை எடுத்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி, என் நெற்றியில் ஊற்றினீர்கள். நான் அழுதேனாம். "அதுக்கு முன்னாடி உனக்கு அழக்கூடத் தெம்பில்ல பிள்ள" என்பீர்கள். பிறகு நான் பிழைத்து, கேம்ப் கோயிலுக்குத் தூக்கிப் போனபோது, ஃபாதர் மற்ற சடங்குகளையெல்லாம் செய்துவிட்டுத் தண்ணீர் மட்டும் ஊற்றவில்லையாம். "அப்பா ஊத்தினது போதும். இது ஒரு தடவைதான்" என்றாராம். அந்த இடம் வரும்போது நீங்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வீர்கள். அம்மா அந்த இடம் வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கு அந்தக் கதை பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்டுவிட்டேன். "அங்கிள், கைக்குழந்தையில தலையில ஊத்தினதோட சரி, முழுகாமலே செத்துப்போனவங்க எங்க போவாங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகளே, இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில தொங்கினானே ஒரு கள்ளன், அவன் எந்த ஆத்துல முழுகினான்? ஆனா கூடவே கூட்டிட்டுப் போனார்ல? உங்கப்பாவை அவர்கிட்ட விட்டுரு" என்றார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வகுப்பில் சாட்சி சொல்லப் பழக்கினார்கள். தண்ணீரில் நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியது. வேறு சபையில் குழந்தை ஞானஸ்நானம் வாங்கியவர்கள் கூடுதலாக ஒரு வரி சொல்ல வேண்டும். "சின்ன வயசுல எனக்குச் செஞ்சது ஞானஸ்நானம் இல்லைன்னு உணர்ந்து, இன்னைக்குக் கீழ்ப்படியுறேன்." எல்லாரும் கடகடவென்று சொன்னார்கள். எனக்கு மற்றதெல்லாம் வந்தது. அந்த வரி வரும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. வெட்கப்படுகிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா, நீங்கள் இருந்தபோது இது இரண்டு பேர் சொன்ன இரண்டு பேச்சு. அம்மா சொன்னதற்கு நீங்கள் பதில் சொல்வீர்கள், நீங்கள் சொன்னதற்கு அம்மா. இப்போது பதில் சொல்ல நீங்கள் இல்லை. நானும் அந்த வரியைச் சொல்லிவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் நீங்கள் செய்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

இன்றைக்குச் சாயங்காலம் அம்மா தையல் மெஷினில் கவுனின் கீழ் மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி. நான் பக்கத்தில் நின்று ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். தைரியத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டு, "அம்மா, அந்த ஒரு வரி மட்டும் வேண்டாமே" என்றேன்.

மெஷின் நின்றது. "எந்த வரி?"

"உனக்குத் தெரியும்."

"எல்லாப் பிள்ளையளும் சொல்லுதுல்லா? நீ மட்டும் என்ன ராணியாட்டி?"

"அப்பா ஊத்துனதும்மா."

குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டாள். நேரம் எடுத்துக்கொண்டு போட்டாள். "ஊத்துனது அவிய. ஊத்தச் சொன்னது யாருன்னு உங்கப்பா சொன்னாவளா?"

கொடுக்க எடுத்த ஈயக்குண்டை நான் மறுபடி பைக்குள் போட்டேன்.

"அவிய கையக் கட்டிக்கிட்டு நின்னாவ. உனக்கு இது பிடிக்காதே, நீ சங்கடப்படுவியேன்னு எங்கிட்ட சொல்லுதாவ. பிள்ள நீலமாப் போவுது, இப்ப போய் என்ன பிடிக்கிறதும் பிடிக்காததும், ஊத்துங்கன்னு நான்தான் கத்துனேன். அவிய கை நடுங்குது. டம்ளர நான்தான் பிடிச்சேன்."

"அப்ப நீ அத நம்புனியா?"

"அன்னைக்கு நம்புனேன்."

"இப்ப?"

அம்மா கவுனைத் திருப்பிப் பிடித்துத் தையலைப் பார்த்தாள். "இப்ப நீ நல்லாருக்க. நல்லாருக்கும்போது ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சு நம்பலாம். அன்னைக்கு யோசிக்க நேரம் இல்ல, கையில என்ன கிடைச்சுதோ அதப் பிடிச்சோம்."

"இத பாஸ்டர்ட்ட சொல்லியிருக்கியா?"

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்று மறுபடி மெஷினை ஓட்டினாள். அவள் கழுத்து சிவந்திருந்தது. ஜெபவீட்டில் அம்மாதான் பெண்கள் ஜெபத்தை நடத்துகிறாள். குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்று மற்றப் பெண்களுக்கு எடுத்துச் சொல்வதும் அவள்தான். ஆனாலும் ஈயக்குண்டு ஒவ்வொன்றையும் மடிப்புக்குள் வைக்கும்போது அவள் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்துவிட்டுத்தான் வைத்தாள்.

நீங்கள் ஏன் அந்தப் பாதிக் கதையைச் சொல்லவே இல்லை? அவளைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறேன். வருஷா வருஷம் பெருமையை எல்லாம் நீங்களே எடுத்துக்கொள்வது போல நடித்து, அவளை அடுப்படிக்குப் போகவிட்டு, அவள் சபையில் தலை நிமிர்ந்து இருக்கட்டும் என்று விட்டிருக்கிறீர்கள்.

காக்கூ கேட்ட கேள்விக்கு இன்றைக்கு எனக்கு ஏதோ பதில் தெரிகிற மாதிரி இருக்கிறது. சரியா என்று தெரியாது. ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் கையைப் பிடித்துத்தான் ஆண்டவரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். உங்களை உங்கள் ஆத்தா ஜெபமாலையோடு கூட்டிப்போனார். இறந்தவர்களுக்காக வேண்டக்கூடாது என்று யாராவது சொன்னால் உங்கள் ஆத்தாவின் கையை விடச் சொல்வது மாதிரி உங்களுக்குக் கேட்கும். அம்மாவை அவள் அப்பா கூட்டிப்போனார், நீங்கள் போன பிறகு கஞ்சியோடு வந்த பெண்கள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது தப்பு என்றால் அந்தக் கஞ்சியே தப்பு என்பது மாதிரி அவளுக்குக் கேட்கும். நம்புவது ஒருவரைத்தான். ஆனால் பிடித்திருந்த கை வேறு வேறு. அதனால்தான் தண்ணீர் எவ்வளவு, எப்போது என்பதில்கூட ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க முடியவில்லை. எல்லாமே இதுதான் என்று சொல்லவில்லை. உண்மையிலேயே ஒன்று சரியாகவும் ஒன்று தப்பாகவும் இருக்கலாம். பெரியவளாகிப் படித்துப் பார்க்க வேண்டும். ஆனால் என்னைக் கூட்டிப்போனது இரண்டு கை, அப்பா. ஒன்று ஊற்றியது, ஒன்று டம்ளரைப் பிடித்தது. அந்த வரியைச் சொன்னால் உங்களை மட்டுமல்ல, அன்றைக்குக் கத்திய அம்மாவையும் மறுத்ததாகிவிடும்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். தண்ணீரில் இறங்குவேன். எனக்கு இறங்க வேண்டும். ஆனால் அந்த வரியைச் சொல்லமாட்டேன். பதிலாக இதைச் சொல்வேன்: "நான் சாகக் கிடந்தப்ப எங்கப்பாவும் அம்மாவும் சேர்ந்து என் தலையில தண்ணி ஊத்தி என்னை இயேசுகிட்ட கொடுத்தாங்க. அவர் என்னை ஏத்துக்கிட்டார். இன்னைக்கு நானே என் வாயால அவரை நம்புறேன்னு சொல்றேன்." இது போதாது என்று பாஸ்டர் சொன்னால் நனையாமல் கரைக்கு வந்துவிடுவேன். எல்லாரும் பார்ப்பார்கள். பரவாயில்லை என்று எழுத நினைக்கிறேன், ஆனால் அது உண்மை இல்லை. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. "அப்பாவும் அம்மாவும்" என்று சொன்னால் அம்மா இத்தனை வருஷமாக மூடி வைத்தது கரையில் எல்லார் காதிலும் விழும். "அப்பா" என்று மட்டும் சொன்னால் அவள் தப்பித்துக்கொள்வாள், ஆனால் அது உண்மையில் பாதிதான். உங்களைப் போலப் பாதியைச் சொல்லி அவளைக் காப்பாற்றவா, முழுசையும் சொல்லவா? உங்களிடம் கேட்டால் எந்தப் பக்கம் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது உங்களிடம் கேட்க வேண்டியது இல்லை, அவளிடம் கேட்க வேண்டியது. டெம்போ விடியும் முன்னே வந்துவிடும். அதற்கு முன்

கதவைத் தட்டுகிறாள். "ஏட்டி, தொற. எனக்கும் உறக்கம் வரல" என்கிறாள். அவள் குரல் அழுதது மாதிரி இருக்கிறது. திறக்கப் போகிறேன், அப்பா. இப்போதே கேட்டுவிடுகிறேன், டம்ளரைப் பிடித்தது நீதான் என்று நான் சொல்லட்டுமா அம்மா என்று